திண்ணை ஏறாத பிரசாரகர்

ஹட் பே படகுத்துறையில் போலீஸ்காரர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். இரண்டு சட்டை, இரண்டு வேட்டி, துண்டு, சர்க்கரை நோய் மாத்திரைகள், உறை கிழிந்த வேதாகமம். அடியில் ரப்பர் பேண்ட் போட்ட துண்டுப் பிரசுரங்கள், நூறு நூறாக ஆறு கட்டு. அவற்றைப் பார்த்ததும் போலீஸ்காரரின் குரல் மாறியது. "மிஷனரியா?"

அது 2019 பிப்ரவரி. மூன்றே மாதங்களுக்கு முன்பு, 2018 நவம்பரில், ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர் மீனவர்களுக்குப் பணம் கொடுத்து, யாரும் போகக் கூடாத வட சென்டினல் தீவில் இறங்கியிருந்தார். சென்டினல் மக்களுக்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்பது அவரது ஆசை. அந்த மக்கள் அவரைக் கொன்று கடற்கரையில் புதைத்தார்கள். கூட்டிப்போன மீனவர்கள் கைதானார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் வேதாகமத்தோடு வந்து இறங்கிய வெளியூர்க்காரரை எந்தப் போலீஸ்காரர்தான் சும்மா விடுவார்?

"இந்தி டீச்சர்" என்றார் வந்தவர், இந்தியிலேயே.

பொய்யில்லை. பாளையங்கோட்டையில் ஒரு சந்து வீட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் மாலை நேரங்களில் இந்தி சொல்லித்தருகிறார். தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் தேர்வுகளில் பிராத்மிக் தொடங்கி பிரவீண் வரை தேறியவர். தெருவுக்கே 'இந்தி சார்'. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை: ஒரு சிறிய சபையில் சம்பளமில்லாத பிரசங்கியார். சபா அவரைப் 'பிரசாரக்' என்கிறது. சபை 'ஊழியர்' என்கிறது. செய்வது ஒன்றுதான் என்பார் அவர். தனக்குப் பிடித்ததை அடுத்தவருக்குச் சொல்வது.

ஆதார் அட்டையைப் பார்த்து, பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதிக்கொண்டு போலீஸ்காரர் விட்டுவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. "ரிசர்வ் பக்கம் போகாதே."

இந்தி சாரை அனுப்பியது அவருடைய சபை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் மூன்று நாள். (அந்த ஊரின் பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது.) அங்கிருந்து இன்னொரு கப்பலில் எட்டு மணி நேரம் போனால் லிட்டில் அந்தமான். கப்பல் செலவும் சாப்பாட்டுச் செலவும் சபையின் காணிக்கைப் பெட்டியிலிருந்து வந்தது. பதிலுக்கு அவர் ஒரு படிவத்தை நிரப்பிக் கொண்டுவர வேண்டும். அதில் மூன்று கட்டங்கள்: சந்தித்த வீடுகள், கொடுத்த பிரசுரங்கள், தீர்மானம் எடுத்தவர்கள். மூன்றாவது கட்டம்தான் முக்கியம் என்று எல்லோருக்கும் தெரியும்.

துணைக்கு வந்தது போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் இளைஞர். செல்போன் கடையில் வேலை. சாரைப் 'பிரதர்' என்று கூப்பிட்டார். ஹட் பேயில் தெரிந்த ஒருவரிடம் நாளுக்கு 400 ரூபாய் பேசி ஒரு பழைய ஸ்பிளெண்டரை வாங்கி வந்தார். செயின் தொங்கியது. ஹாரன் அடிக்கவில்லை. ஆனால் அந்தத் தீவில் பைக் இல்லாமல் ஊழியம் நடக்காது. எப்போதாவது வரும் பஸ்ஸை நம்பினால், பத்து நாளில் நாலு கிராமம் பார்க்கலாம்.

லிட்டில் அந்தமானின் பரப்பு 730 சதுர கி.மீ.க்குச் சற்று அதிகம். சென்னை மாநகராட்சியைவிடப் பெரியது. ஆனால் வண்டி ஓடும் சாலை என்று பார்த்தால் கிழக்குக் கரையை ஒட்டிய ஒரு கோடுதான். அந்தக் கோட்டில் வரும் ஊர்களின் பெயர்கள் நேதாஜி நகர், ரவீந்திர நகர், விவேகானந்தபுரம், ராமகிருஷ்ணபுரம். பெயர்களைப் பார்த்தாலே குடிவந்தவர்கள் யாரென்று தெரிந்துவிடும். கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிக் குடும்பங்களை அறுபதுகளின் கடைசியிலிருந்து அரசு இங்கே கொண்டுவந்து குடிவைத்தது. 1957-ல் தீவு முழுவதும் பழங்குடிக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 1972-லும் 1977-லும் அதிலிருந்து பகுதி பகுதியாக வெட்டி எடுத்துக் குடியேற்றத்துக்கும் மர வியாபாரத்துக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் கொடுத்தார்கள். 2002-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே மரம் வெட்டுவது நின்றது.

முதல் நாள் காலை விவேகானந்தபுரத்தில் ஒரு டீக்கடை. இந்தி சார் வண்டியை நிறுத்தி, இலக்கண சுத்தமாக விசாரித்தார்: தாங்கள் எந்த ஊர்வாசி? பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ ரேடியோவைத் திறந்துவிட்டது போல இருந்திருக்கும். அந்தமான் இந்தி வேறு. வங்காளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள், ராஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று ஆளுக்கொரு தாய்மொழிக்காரர்கள் சந்தையிலும் படகிலும் உரசி உரசி ஆக்கிக்கொண்ட இந்தி. அதில் ஆண்பால், பெண்பால் தொல்லையெல்லாம் ஏறக்குறையக் கழன்றுவிட்டது. பால் பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்தே பழகியவர் அன்று மாலைக்குள் திருத்துவதை விட்டுவிட்டார்.

கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். அவரை 'தாதா' என்று கூப்பிடும்படி இளைஞர் காதைக் கடித்தார். வங்காளத்தில் அது அண்ணன். சென்னையில் அதற்கு வேறு அர்த்தம் என்பதால் இந்தி சாருக்கு முதலில் நாக்கு புரளவில்லை. தாதாவிடம் இந்திப் பிரசுரம் ஒன்றை நீட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேசுவது இந்தி என்றாலும் படிக்கத் தெரிந்தது வங்காளம் மட்டுமே. பள்ளிக்கூடம் போகும் பேத்தி வந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். தாதா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

பிறகு சொன்னார்: "நல்லாயிருக்கு. நீங்க சொன்னதை நாங்க கேட்டோம். ராத்திரி வாங்க. நாங்க பாடறதை நீங்க கேளுங்க."

அவர்கள் மதுவா சமயத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு வங்கத்தில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நாமசூத்திரர்களிடையே ஹரிசாந்த் தாகூர் தொடங்கிய பக்தி மார்க்கம் அது. எல்லை தாண்டி, முகாம் முகாமாக அலைந்து, கப்பலேறி இந்தக் காட்டுக்கு வந்தபோதும் அவர்கள் விட்டுவிடாமல் கொண்டுவந்தது அந்தப் பாட்டுகளைத்தான். அன்றிரவு முரசும் கரதாளமும் அதிர, பெண்களும் ஆண்களும் ஆடியபடி பாடினார்கள். சபையில் அடிக்கும் டிரம் நினைவுக்கு வந்தது என்றார் இந்தி சார். படிவத்தின் முதல் கட்டத்தில் ஒரு வீடு என்று எழுதினார். அங்கே மூன்று மணி நேரம் இருந்ததை எழுத அதில் இடமில்லை.

அடுத்த சில நாட்கள் இப்படியே ஓடின. காலை ஆறு மணிக்குக் கிளம்புவது, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே மண்பாதையில் இறங்குவது, குரைக்கும் நாய்க்குப் பயந்து வாசலிலேயே நின்று கூப்பிடுவது. ஒருநாள் செயின் அறுந்து, தேங்காய் ஏற்றிவந்த லாரியில் வண்டியைப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். கடற்கரைப் பக்கம் போனால் கண்ணுக்குத் தெரியாத மணல் ஈக்கள் கடித்து முழங்கால்வரை தடித்தது. பிரசுரத்தை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. வேண்டாம் என்று கைகூப்பியவர்களும் உண்டு. சில வீடுகளில் 2004 டிசம்பர் 26 பற்றித்தான் பேச்சு. ஹட் பேயைச் சுனாமி அள்ளிக்கொண்டு போன நாள். மகளை இழந்த ஒரு தாய், "உங்க சாமி அன்னைக்கு எங்க இருந்தார்?" என்று கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டாள். இந்தி சார் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. அவள் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

ஐந்தாம் நாள் ஹர்மிந்தர் பே. நிக்கோபாரிகளின் குடியிருப்பு. கார் நிக்கோபாரில் நெருக்கடி அதிகமானபோது எழுபதுகளில் சில குடும்பங்களை அரசு இங்கே கொண்டுவந்தது. சுனாமிக்குப் பிறகு வீடுகள் மேட்டுக்கு ஏறிவிட்டன. தென்னை, பன்றிகள், துடுப்புப் படகுகள், ஒரு தேவாலயம். பெரியவர் ஒருவர் வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். இந்தி சார் பிரசுரத்தை நீட்டினார்.

பெரியவர் சிரித்தார். "மாஸ்டர்ஜி, எங்க தாத்தா காலத்துலயே நாங்க கிறிஸ்தவங்க. உங்க ஊர் எது?"

"மதராஸ் பக்கம்."

"அப்படின்னா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்க ஊர்க்காரர்தான்."

இந்தி சார் கேள்விப்படாத பெயரை அந்தப் பெரியவர் சொன்னார்: வேதப்பன் சாலமோன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு வந்து சேர்ந்த தமிழ் உபதேசியார். அரசாங்கப் பிரதிநிதி வேலையும் அவரிடமே இருந்தது. ஆண்டுக்கணக்கில் தங்கினார், பள்ளிக்கூடம் வைத்தார், அவர்கள் மொழியைக் கற்றார். அவரிடம் படித்த பையன்களில் ஒருவன் ஜான் ரிச்சர்ட்சன். பின்னாளில் புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தவர் இந்த ரிச்சர்ட்சன்தான். ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கொடுமைகளைத் தன் மக்களோடு தாண்டி வந்து, பிஷப் ஆகி, 1952-ல் அந்தமான் நிக்கோபாரின் முதல் மக்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டவரும் அவரே. நிக்கோபாரிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களானது அவர் காலத்தில், தங்கள் ஆள் ஒருவர் தங்கள் மொழியில் சொல்லிக் கேட்டபோது.

சாலமோனுக்கு முன்னால் வந்தவர்களின் கதை வேறு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில், அங்கிருந்து மொரேவியன் சபையினர் நிக்கோபாருக்குப் போனார்கள். 1768-ல் நான்கவ்ரியில் இறங்கியவர்கள் 1787-ல் மூட்டை கட்டினார்கள். இடையில் காய்ச்சலுக்கு ஒருவர் பின் ஒருவராகப் பலி. பத்தொன்பது ஆண்டுகளில் உயிர்களைக் கொடுத்தும், சேர்ந்த ஆட்கள் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. மொழி முழுமையாகப் பிடிபடவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

"பத்து நாளில் நான் என்ன கிழிச்சுடப் போறேன்?" என்று அன்று மாலை திரும்பும்போது இந்தி சார் கேட்டார். வண்டி ஓட்டிய இளைஞர் பதில் சொல்லவில்லை. அவர் மனதில் வேறு திட்டம் இருந்தது.

எட்டாம் நாள் இரவு அது வெளியே வந்தது. படகுக்காரர் ஒருவர் தயார். விடிவதற்கு முன் கிளம்பினால் டுகாங் க்ரீக்குக்குப் போய் வெளிச்சம் வருவதற்குள் ஒதுங்கிவிடலாம். ஐயாயிரம் ரூபாய். டுகாங் க்ரீக் தீவின் வடகிழக்கில் இருக்கிறது. ஓங்கே பழங்குடியினரின் இடம். போலீஸ்காரர் போகாதே என்றது அங்கேதான்.

"பிரதர், சாவ் போனது சென்டினலுக்கு. இங்க யாரும் அம்பு விடமாட்டாங்க. அவங்க பள்ளிக்கூடம் போறாங்க, ரேஷன் வாங்கறாங்க. முக்கியமான விஷயம், அவங்களுக்கு இந்தி தெரியும்."

கடைசி வாக்கியம் சரியான இடத்தில் தைத்தது. மூன்றாவது கட்டம் அதுவரை காலி. ஊரில் அவரை அனுப்பியவர்கள் காத்திருக்கிறார்கள். கேட்க ஆளிருக்கிறது, மொழியும் இருக்கிறது. அந்த மொழியைத் தமிழ்நாட்டில் சொல்லித்தந்தே பிழைத்தவர் அவர். கடவுளே கைநீட்டிக் காட்டுகிற வாசல் இது என்று இளைஞர் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

ஓங்கேக்கள் யாரென்று இந்தி சாருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. தீவின் சொந்தக்காரர்கள் அவர்கள்தான். 1901 கணக்கெடுப்பில் 672 பேர். 2011-ல் 101 பேர். இடைப்பட்ட நூற்றாண்டில் வெளியிலிருந்து நோய் வந்தது, சாராயம் வந்தது, புகையிலை வந்தது. அவர்களது காட்டில் கோடரி வந்தது. அரசு அவர்களை ஓரிடத்தில் சேர்த்து வீடும் ரேஷனும் கொடுத்தது. சுனாமியின்போது அவர்கள் மேட்டுக் காட்டுக்கு ஏறித் தப்பிவிட்டார்கள். ஆனால் 2008 டிசம்பரில் கரை ஒதுங்கிய ஒரு கேனில் இருந்ததைச் சாராயம் என்று நினைத்துக் குடித்து எட்டு ஆண்கள் செத்தார்கள். நூறு பேர் உள்ள இனத்தில் எட்டு ஆண்கள். கடல் கொண்டுவந்து போடுவதை அவர்கள் நம்பியதற்குக் கொடுத்த விலை அது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1956-ல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அனுமதியில்லாமல் காப்பகத்தில் நுழைவது குற்றம். மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சட்டத்தைக் காட்டி இளைஞரை மடக்க முடியாது என்று இந்தி சாருக்குத் தெரியும். சட்டத்தை மீறி ஜெயிலுக்குப் போன அப்போஸ்தலர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர்.

ஆகவே அவர் வேறு கதை சொன்னார். அது பாளையங்கோட்டைக் கதை.

அவருக்கு இந்தி சொல்லித்தந்தவர் கதர் சட்டை போட்ட ஒரு பழைய காங்கிரஸ்காரர். 1965-ல் தமிழ்நாடே இந்தி எதிர்ப்பில் கொதித்தது. ரயில் நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகள் தாரில் மறைந்தன. அவர் வீட்டு வாசலில் தொங்கிய 'இந்தி வகுப்பு' பலகையிலும் ஒரு ராத்திரி தார் விழுந்தது. பூசியவர்களில் அவரிடமே படித்த பையன்களும் இருந்தார்கள். போலீசில் சொல்லும்படி பக்கத்து வீட்டார் தூண்டினார்கள். அவர் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். வகுப்பை நிறுத்தவில்லை. வந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தார். பலகையை மறுபடி மாட்டவேயில்லை. பல வருஷம் கழித்து மாணவர் காரணம் கேட்டபோது சொன்னாராம்: "கேட்டு வர்றவனுக்குச் சொல்றது பிரசாரம். வராதவன் வீட்டுத் திண்ணையில ஏறினா அதுக்குப் பேர் வேற. அந்தப் பேரைச் சொல்லித்தானேப்பா தார் பூசினாங்க."

அந்தப் பெயர் திணிப்பு. தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போர்ட் பிளேரில் பிறந்த இளைஞருக்கு விளக்க வேண்டியிருந்தது.

"நான் பேசறதும் இந்திதான், தம்பி. அந்தப் பையன்கள் வெறுத்ததும் இந்திதான். சொல்லிக்கொடுத்தவர் ஒருத்தர்தான். அவங்க கூப்பிடாம யாரோ டெல்லியில இருந்து ஏறிவந்ததுதான் தப்பாப்போச்சு. ஓங்கேக்கு இந்தி தெரியும்கறே. எப்படித் தெரிஞ்சது? அவன் கேட்டா கத்துக்கிட்டான்?"

இளைஞர் விடவில்லை. அவர்கள் கேட்காமலே செத்துப்போனால், சொல்லாத பாவம் யாருக்கு? நியாயமான கேள்வி. நம்பிக்கை உள்ளவருக்கு அதைவிடக் கனமான கேள்வி கிடையாது. இந்தி சாரிடம் அதற்கு முழு பதில் இல்லை. இயேசு தம் சீடர்களை அனுப்பியபோதுகூட, ஏற்றுக்கொள்ளாத ஊரை விட்டு வெளியே வந்துவிடச் சொன்னார் என்பதை மட்டும் நினைவூட்டினார். "வரவேற்காத வீட்டுக்கே அப்படின்னா, பூட்டின வீட்டுக்கு?" பிறகு வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் படுத்தார். விடியற்காலை படகுக்காரர் வந்து கதவைத் தட்டினார். இந்தி சார் எழுந்து போய் வேண்டாம் என்றார். இளைஞர் போர்வையை விலக்கவில்லை. கடைசி இரண்டு நாளும் இருவருக்கும் அதிகப் பேச்சில்லை.

சாவின் கதை எல்லோரையும் திருத்திவிட்டது என்று சொல்ல முடியாது. 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர் வட சென்டினலில் இறங்கி, தேங்காயும் ஒரு குளிர்பான டப்பாவும் வைத்துவிட்டுத் திரும்பிக் கைதானார். அவர் கையில் வேதாகமம் இல்லை, கேமரா இருந்தது. கூப்பிடாமல் போகிறவர்கள் எல்லோரும் மதத்தின் பெயரால் போவதில்லை. 2021-ல் நிதி ஆயோக்கின் தொலைநோக்குத் திட்டம் ஒன்று லிட்டில் அந்தமானில் நிதி மாவட்டமும் மருத்துவ நகரமும் உல்லாச மண்டலமும் அமைக்க யோசனை சொன்னது. அதற்காகக் காப்பகத்தில் இன்னும் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். வளர்ச்சி என்பதும் ஒரு சுவிசேஷம்தான். அதைக் கேட்க விருப்பமா என்று நூறு பேரிடம் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய இந்தி சார் படிவத்தைச் சபையில் கொடுத்தார். சந்தித்த வீடுகள்: 61. கொடுத்த பிரசுரங்கள்: 214. மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். தீர்மானம் எடுத்தவர்கள் என்ற கட்டத்தில் ஒரு கோடு. கீழே, குறிப்பு எழுதும் இடத்தில், வேதப்பன் சாலமோனைப் பற்றி எட்டு வரிகள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இவரைச் சொல்லித்தர வேண்டும் என்று முடித்திருந்தார்.

கமிட்டி கூடியது. பெரியவர் ஒருவர் அந்த எட்டு வரிகளை இரண்டு முறை படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொருளாளர் கப்பல் செலவைக் கூட்டிப் பார்த்தார். அடுத்த ஆண்டு வெளியூர் ஊழியத்துக்கு வேறொருவரை அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. அந்தக் கட்டத்தில் எழுதத் தெரிந்தவராக.

இந்தி சாருக்கு அதில் வருத்தம் உண்டு. மறைக்கவில்லை. "போகணும்னு ஆசைதான்" என்கிறார். "ஆனா போனா, சாலமோன் மாதிரி போகணும். பத்து நாள் லீவுல முடியாது." இப்போது ஹர்மிந்தர் பே பெரியவருக்கு மாதம் ஒரு முறை போன் செய்கிறார். நிக்கோபாரியில் நாற்பது வார்த்தைகள் சேர்ந்திருக்கின்றன. உச்சரிப்பு தப்பினால் பெரியவர் மறுமுனையில் சிரிக்கிறார். மதிப்பெண் குறைப்பதில்லை.